நம்மைப் பற்றி எழுதப்படும் நோட்டு

(மாணவர் சந்திப்பொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. நான் கடனைப் பத்திப் பேசப் போறேன். பகல் முழுக்க வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் நான்.

போன மாசம் ஒரு தம்பி அப்பாவோட வந்தார். முதல் தலைமுறைப் பட்டதாரி. வண்டி வாங்கக் கடன் கேட்டார். கணினியில் தட்டிப் பார்த்தால் அவருடைய படிப்புக் கடன் வந்து நிற்கிறது, பக்கத்தில் 'செட்டில்டு' என்ற வார்த்தை. "அதான் ரசீது இருக்கே சார், கட்டி முடிச்சிட்டோமே" என்றார் அப்பா. வேறொரு வங்கி, ஒரே தவணையில் கட்டினால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்கிறோம் என்று சொல்லி வாங்கியிருக்கிறது. ஆடு மாடு விற்றுக் கட்டியிருக்கிறார்கள். முழுசாகக் கட்டினால் 'குளோஸ்டு', தள்ளுபடியில் முடித்தால் 'செட்டில்டு', இரண்டாவது கறை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கூட்டாகக் கையெழுத்துப் போட்டதால் அப்பாவின் கோப்பிலும் அதே கறை.

பண்ணையார் வீட்டு நோட்டு நமக்குத் தெரியும். தாத்தா வாங்கிய நெல்லுக்குப் பேரன் உழைத்துக் கழித்த கணக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இந்தப் புது நோட்டுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்று நாலு கம்பெனி. கடன் கொடுத்தவர் அனுப்புவதைப் பதிந்து, 300லிருந்து 900க்குள் மதிப்பெண் போடுகிறார்கள். இதில் சாதிக்குக் கட்டம் கிடையாது. கடனே கிடைக்காத தெருவில் பிறந்தவனுக்கு 'வரலாறு இல்லை' என்று எழுத மட்டும் கட்டம் இருக்கிறது. வரலாறு இல்லாதவர்கள் என்று நம்மைச் சொல்வது புதுசா என்ன?

இது வண்டியோடு நிற்கிற விஷயமில்லை. பாரத ஸ்டேட் வங்கி ஒருவருக்குக் கொடுத்த வேலையைக் கடன் வரலாறு சரியில்லை என்று ரத்து செய்தது. எல்லாம் கட்டிவிட்டேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. 2025இல் சென்னை உயர் நீதிமன்றமும் வங்கி செய்தது சரி என்றது. நம் பிள்ளைகள் ராத்திரி பகலாகப் படித்து எழுதுவது வங்கித் தேர்வு, தோழர்களே.

பண்ணையார் நோட்டை நாம தொட முடியாது. இதைத் தொடலாம். 2017லிருந்து நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். வாங்கிப் படிங்க. மாசத்துக்கொரு கட்டம் இருக்கும். 000 என்றால் ஒழுங்காகக் கட்டியது, 060 என்றால் அறுபது நாள் தாமதம். அந்த அப்பாவின் அறிக்கையில் அவர் வாங்காத கடன் ஒன்றும் இருந்தது. அதே பெயர், அதே பிறந்த தேதி உள்ள வேறு யாரோ வாங்கியது. நம் தெருப் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்தநாள் ஜனவரி 1தானே! பிறந்த நாளை எவன் குறித்து வைத்தான்?

தப்பு இருந்தால் எழுதிப் புகார் கொடுங்க. முப்பது நாளில் தீர்க்காவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து உள்ள விதி. ஆனால் உண்மையான தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது. ஸ்கோரை ஏத்தித் தர்றேன்னு காசு கேட்கிறவன் ஏமாத்துறான். 'செட்டில்டு' என்றிருந்தால், தள்ளுபடியான மிச்சத்தைக் கட்டி 'குளோஸ்டு' என்று மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்க, பாக்கியில்லாச் சான்றும் வாங்குங்க. பிறகு சின்னதாக ஒரு நகைக்கடனோ, வைப்புத்தொகை மேல் ஒரு கார்டோ எடுத்து நாள் தவறாமல் கட்டினால் மெல்ல ஏறும். வருஷக்கணக்காகும், பொய் சொல்ல மாட்டேன். ஜாமீன் கையெழுத்துப் போட்டாலும் உங்கள் கோப்பில் ஏறும். பாசத்தில் போட்டுடாதீங்க.

அந்த அப்பாவின் புகாரை நான்தான் எழுதினேன். கைநாட்டு வைக்க மை டப்பாவை நகர்த்தினேன். "வேணாம் சார், பையன் சொல்லிக் கொடுத்திருக்கான்" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது.