காணாப் பொருளும் கற்கும் கடமையும்



பேரண்டத்தில் நாம் அறிந்த பொருள் சுமார் 5 விழுக்காடே. எஞ்சியவை இருண்ட பொருளும் இருண்ட ஆற்றலும் என்பர் அறிஞர். இருண்ட பொருளை ஈர்ப்பினால் மட்டுமே உணர்கிறோம். நியூட்ரினோவும் எளிதில் அகப்படாத துகளே. பிற துகள்களைப் பாறை தடுத்தாலன்றி அதனை இனங்காணல் அரிது. அதன்பொருட்டே பொட்டிபுரம் மலைக்கடியில் ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. நீருக்கும் காட்டிற்கும் அஞ்சி மக்கள் எதிர்த்தனர். 2022-இல் மாநில அரசும் உச்ச நீதிமன்றத்தில் மறுத்துரைத்தது.

1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், நியூட்ரினோவின் தடயம் பதிவாயிற்று. அச்சுரங்கங்களில் உழைத்தவருள் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற நம்மவர் பல்லாயிரவர். வெட்டினோம், கணக்கிடும் இடத்தில் நாம் இல்லை.

ஆதரிப்பினும் எதிர்ப்பினும் விளங்கிப் பேச இயற்பியல் வேண்டும். நம் பிள்ளைகள் அதனைக் கற்பார்களாக!