பின்கேட்டைப் பூட்டுவதற்கு முன்

(பொங்கல் அன்று மாலை நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடந்த ஒன்றுகூடலில், சங்கத்தின் முன்னாள் பொருளாளர் பேசியது. அன்று ஊருக்குப் போயிருந்தவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். "அதுக்கு மேல போனா சர்க்கரைப் பொங்கல் ஆறிடும், மாமிங்க என்னைத்தான் திட்டுவாங்க" என்றும் சொல்லிவிட்டார். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "ஏரிக்கரை வாழ்க்கை". நல்ல தலைப்பு. சிட்லப்பாக்கம் ஏரியில் சூரியன் உதிப்பதைப் பற்றியும் நடைப்பயிற்சியின் நன்மைகளைப் பற்றியும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அடுத்த மாதப் பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. பின்கேட்டை நிரந்தரமாக மூடி, அந்த இடத்தில் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது அது. ஏரிக்குப் போகிற நம் ஒரே நேர்வழி அந்தக் கேட்தான். அதைப் பற்றிப் பேசாமல் ஏரியைப் பற்றி மட்டும் பேசினால் நன்றாக இருக்காது.

முதலில், நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாத பழைய கதை. நான் இங்கே குடிவந்தபோது ஏரிப் பக்கம் யாரும் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். கரையோரம் குப்பை மேடு. தண்ணீர் தெரியாத அளவுக்கு ஆகாயத்தாமரை. சாயங்காலம் ஆறு மணிக்கே கொசு. வீடு விற்கிறவர்கள் விளம்பரத்தில் "லேக் வியூ" என்று போடக்கூடத் தயங்கிய காலம் அது.

2019 கோடையில் சென்னையின் பெரிய ஏரிகள் எல்லாம் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நாம் டேங்கர் லாரிக்காக இரவு இரண்டு மணி வரை கண் விழித்திருந்தோம். அந்த வறட்சியில்தான் இந்த ஏரியின் அடிமண் வெளியே தெரிந்தது. ஊர்க்காரர்கள், இளைஞர்கள், ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், பெண்கள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்கள். பிளாஸ்டிக்கை மூட்டை மூட்டையாக வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வருஷமே அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏரி தூர்வாரப்பட்டது, கரை பலப்பட்டது, நடைபாதை வந்தது. நம் குடியிருப்பிலிருந்து அன்றைக்குப் போனவர்கள் நான்கே பேர். அந்த நால்வரில் நான் இல்லை. எனக்கு முதுகு வலி என்று சொன்னேன். உண்மையில் சோம்பல்.

இன்றைக்கு அந்தக் கரையில் நம் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலை ஐந்தரைக்கு சர்க்கரை நோய்க்காரர்கள் சங்கம். அதற்குத் தலைவர் நானே. ஆறரைக்கு பி பிளாக் அம்மாக்கள் நால்வர், நடையைவிடப் பேச்சு அதிகம், ஆனாலும் ஒரு நாளும் தவறியதில்லை. ஏழரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். சாயங்காலம் பின் சந்தில் ஷட்டில், கரையோரம் சைக்கிள் பழகுகிற குழந்தைகள், தூண்டில் போடுகிற பையன்கள், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை இரண்டாம் முறை படிக்கிற தாத்தாக்கள். கிளப் ஹவுஸ் கட்ட வேண்டும் என்று பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மேற்கூரை இல்லாத கிளப் ஹவுஸ் ஒன்று கேட்டுக்கு வெளியே தயாராகவே இருக்கிறது.

சரி, அப்படியானால் ஏன் மூட வேண்டும்? தீர்மானம் கொண்டுவந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. போன ஆகஸ்டில் நம் குடியிருப்புப் பையன் ஒருவன், ஒன்பது வயது, பந்தைத் துரத்திக்கொண்டு போய்க் கரைச் சரிவில் வழுக்கி, மழைநீர்க் கால்வாய் ஏரிக்குள் விழுகிற இடத்தில் இடுப்பளவு சேற்றில் மாட்டிக்கொண்டான். கூடப் பெரியவர்கள் யாரும் இல்லை. புல்லைப் பிடித்து அவனாகவே ஏறி வந்துவிட்டான். ஒரு செருப்பு மட்டும் போயிற்று. அன்று இரவு அவன் அம்மா தூங்கியிருக்க மாட்டார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் "கேட்டை மூடுங்க" என்று முப்பது பேர் போட்டார்கள். அந்த முப்பதில் நானும் ஒருவன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை மாற்றியது. இரண்டு நாள் கழித்து அந்தப் பையனுக்குக் காலெல்லாம் அரிப்பு, சிவப்புத் தடிப்பு. மருத்துவர் களிம்பு கொடுத்தார். அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவன் அப்பா லிஃப்டில் என்னிடம் கேட்டார்: "என்ன சார் இது, ஏரியை இவ்வளவு செலவு பண்ணி சுத்தம் பண்ணாங்க, எவன் சார் அதுல சாக்கடைய விடறான்?"

நான் பதில் சொல்லவில்லை. மூன்றாம் மாடி வந்ததும் இறங்கிவிட்டேன். ஏனென்றால் அந்த "எவன்" யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆகஸ்டில் நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மோட்டார் எரிந்துபோயிருந்தது. மாற்று மோட்டார் இல்லை. கழிவுநீர் லாரி வைத்து எடுத்தால் செலவு அதிகம் என்று கமிட்டி யோசித்தது. "ரெண்டு வாரம்தானே, மழைநீர்க் கால்வாயில விட்டுடலாம், யாருக்கும் தெரியாது" என்று முடிவானது. அன்றைய பொருளாளர் நான். செலவு மிச்சம் என்று கையெழுத்துப் போட்டவனும் நான். அந்தக் கால்வாய் போய்ச் சேருகிற இடத்தில்தான் பையன் விழுந்தான்.

இதை ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. இன்று அந்தப் பெற்றோரும் இங்கே இருக்கிறார்கள். நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் இங்கே பேசுகிறேன். எல்லார் முன்னாலும் ஒரு முறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்குப் பார்ப்பது என் பழக்கம் என்பதால் ஒரு கணக்கு. நம்மிடம் 84 வீடுகள். சுமார் 300 பேர். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. அப்படியானால் 40,500 லிட்டர். அதில் எண்பது சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்று வைத்தால் 32,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் தினமும் கிட்டத்தட்ட மூன்று லாரி. பதினான்கு நாளுக்கு நாற்பது லாரிக்குப் பக்கம் வருகிறது. நாம் பார்த்து வாக்கிங் போகிற ஏரிக்குள், நாமே கொட்டியது.

அது அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. நம் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இடம் அது. அதற்கப்புறம் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம், கடல். நம் வாசலுக்குக் கீரை கொண்டுவருகிற ஆயா இந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர். அவரிடம் இதைச் சொன்னேன். "மேல இருக்கறவன் கால் கழுவினா கீழ இருக்கறவன் வாய் கொப்பளிக்கணும். இது தெரியாதா சாமி ஒனக்கு?" என்று கேட்டார். படித்தவன் நான், பதில் இல்லை.

இப்போது கேட்டுக்கு வருகிறேன். கேட்டை மூடினால் பையன்கள் விழ மாட்டார்கள் என்பது பாதி உண்மை. பையன்கள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு அதே ஏரிக்குத்தான் போவார்கள். அந்த ரோட்டில் தண்ணீர் லாரியும் பஸ்ஸும் எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். போகாத பையன்கள் வீட்டுக்குள் செல்போனோடு உட்காருவார்கள். இன்னொன்றும் நடக்கும். நாம் ஏரியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவோம். பார்க்காத இடத்தில் எதை விட்டாலும் மனசு உறுத்தாது. முன்பு ஜன்னலை மூடி வைத்திருந்தபோது நமக்கு அப்படித்தான் இருந்தது.

"வெளியாட்கள் வருகிறார்கள்" என்று ஒரு காரணமும் தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பித் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவில் நின்றது. நம் கார் பார்க்கிங்கில் கழுத்தளவு. கரண்ட் இல்லை, போன் இல்லை, முன்கேட் பக்கம் இறங்கவே முடியவில்லை. ஏ பிளாக் பாட்டிக்கு மூச்சுத் திணறல். அன்றைக்குப் பின்சந்து ஓட்டு வீடுகளிலிருந்து நான்கு பையன்கள் பின்கேட் வழியாக வந்தார்கள். பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் குழந்தைகளுக்குப் பால் பாக்கெட் வந்ததும் அதே வழியில்தான். அவர்கள் வீட்டுக்குள்ளும் அப்போது தண்ணீர். அந்த வெளியாட்களுக்காகத்தான் நாம் சுவர் எழுப்பப் போகிறோமா?

வெறுமனே "மூடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனால் அந்த அம்மாவின் பயத்துக்குப் பதில் ஆகாது. அதனால் பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் யோசனைகள் இவை.

ஒன்று: பின்கேட் காலை ஐந்தரை முதல் ஒன்பது வரை, மாலை நான்கு முதல் ஏழு வரை மட்டும் திறந்திருக்கட்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் போக வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்று முறை வைப்போம். ஓய்வு பெற்றவர்கள் மட்டுமே பதினெட்டுப் பேர் இருக்கிறோம். வாரத்தில் ஒரு சாயங்காலம் நமக்குக் கஷ்டமில்லை. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை.

இரண்டு: மாற்று மோட்டார் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். வீட்டுக்கு மாதம் 60 ரூபாய், ஒரு வருஷம் கொடுத்தால் 60,480 ரூபாய் சேரும். அதில் முடிந்துவிடும்.

மூன்று: சுத்திகரிப்பு நிலையம் ஓடியதா, நின்றதா, நின்றால் கழிவுநீர் எங்கே போனது என்பதை வாரம்தோறும் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். என்னைப் போல ஒரு பொருளாளர் இனிமேல் ரகசியமாகக் கையெழுத்துப் போட முடியாதபடி.

நான்கு: கால்வாய் ஏரிக்குள் விழுகிற அந்தச் சரிவுக்கு ஒரு தடுப்புக் கம்பி வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு. நாம் தனியாகக் கொடுக்காமல் பின்சந்துக்காரர்களோடு சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுப்போம்.

கடைசியாக ஒரு அழைப்பு. 2015-இல் தொடங்கி ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. ஒரு இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, என்ன பறவை, எத்தனை என்று எழுதி, இபேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். நம் ஏரியில் நான் பார்த்த வரை முக்குளிப்பான், நீர்க்காகம், மடையான், மீன்கொத்தி, நீலத் தாழைக்கோழி உண்டு. சில நாள் கூழைக்கடாவும் வரும். எனக்கே இதில் பாதிப் பெயர் இரண்டு வருஷம் முன்புவரை தெரியாது. எல்லாமே கொக்குதான்.

நாளை மாட்டுப் பொங்கல். காலை ஆறேகாலுக்குப் பின்கேட்டில் நிற்பேன். பைனாகுலர் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். ஆகஸ்டில் விழுந்த அந்தப் பையன் தன் அப்பாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பின்சந்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டிருக்கிறேன். தூண்டில் போடுகிற அவர்களுக்கு எந்தப் பறவை எங்கே உட்காரும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் பொதுக்குழுவில் வாக்களியுங்கள். சுவர்தான் வேண்டும் என்று அதற்கப்புறமும் முடிவு செய்தால், அதற்கு நானும் கட்டுப்படுகிறேன்.

செயலாளர் சார் கடிகாரத்தைக் காட்டுகிறார். பொங்கல் ஆறுவதற்குள் சாப்பிடப் போவோம்.