தேக்கம்பட்டிப் பாட்டியார்

 

கோயம்புத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையத்தை யடுத்த தேக்கம்பட்டியில் நூறு பிராயத்தைக் கடந்து வாழ்ந்து, 2024-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி மறைந்த ஸ்ரீமதி பாப்பம்மாள் அவர்களை இன்று நாம் நினைவு கூர்கின்றோம்.

இளமையிலேயே தாய்தந்தையரை இழந்த அவ்வம்மையாரை வளர்த்தவர் அவர்தம் பாட்டியாரே. அப்பாட்டியாரின் சிறு கடையே பின்னர் அவருக்கு ஜீவனமாயிற்று. அதன் வருவாயைச் சிறுகச் சேர்த்து, சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார். முதுமையிலும் இரண்டரை ஏக்கரை வைத்துக்கொண்டு, இரசாயன உரமின்றித் தம் கையாலேயே பயிர் செய்துவந்தார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடும் நெடுநாள் தொடர்பு பூண்டிருந்தார். 2021-ல் இந்திய அரசாங்கத்தார் பத்மஸ்ரீ விருதளித்துக் கௌரவித்தனர்.

இச்சரித்திரம் நமக்குக் கூறுவது யாது? பேத்தியின் கைக்கு வந்த ஒரு சிறு கடை, ஒரு நீண்ட வாழ்வைத் தாங்கிற்று. நாமோ பெண்மக்களுக்கு நகையும் பாத்திரமும் கொடுத்தவுடன் கடமை தீர்ந்ததென்று கருதுகின்றோம். பிதிரார்ஜிதத்தில் பெண்ணுக்குச் சமபாகம் உண்டெனத் தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுமைக்கும் 2005-லும் சட்டம் வந்துவிட்டது. எனினும் நம் இல்லங்களில் எத்தனை சகோதரிகள், பிறந்தகத்து உறவு முறியுமே யென்றஞ்சி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கின்றனர்!

பாட்டிமார் படங்களுக்கு மாலை சூட்டுகின்றோம், நன்றே. அவர்தம் பேத்திமாருக்கு ஒரு காணி நிலமேனும், ஒரு கடையேனும் அவர்கள் பெயராலேயே எழுதிவைப்போமாக. அதுவே அம்மூதாட்டியார்க்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும்.