ஒருவராகிய மூவர்



கொழும்பு மாநகரிலே கொட்டாஞ்சேனை பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழும் பகுதி. ஆயினும், அடுத்த வீட்டார் எதனை நம்புகின்றனர் என்று வினவினால் நம்மிற் பலர்க்கு விடை கூற இயலாது. நம் நாட்டுப் பாடசாலைகளிலே ஒவ்வொரு மாணவரும் தத்தம் சமயத்தையே பாடமாகக் கற்கின்றனர். அது தக்கதே, எனினும் பிறர் சமயம் செவிவழிச் செய்தியாகவே நின்றுவிடுகின்றது. அங்ஙனம் பெரிதும் பிறழ உணரப்படுவது கிறித்தவரின் திரித்துவக் கொள்கை. அவர்கள் மூன்று கடவுளரை வணங்குகின்றனர் என்பார் ஒரு சாரார். நம் மும்மூர்த்திகளே அங்கு வேறு பெயர் பூண்டனர் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா.

கொள்கைதான் யாது? கடவுள் ஒருவரே, அவ்வொரு கடவுள் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவராய் இருக்கின்றார். பிதா சுதன் அல்லர். சுதன் ஆவி அல்லர். ஆயினும் மூவர்க்கும் இறைமை ஒன்றே. மும்மூர்த்திகளிடத்தே படைத்தல், காத்தல், அழித்தல் எனத் தொழில்கள் பகுக்கப்படுகின்றன. திரித்துவத்திலோ உலகைப் படைத்தலும் மீட்டலும் மூவரும் ஒருங்கே ஆற்றும் ஒரே செயல். நீரே பனிக்கட்டியும் நீராவியும் ஆவதுபோல என்று உவமை கூறுவாரும் உளர். அது ஒருவரே மூன்று வேடம் பூண்டார் என்பதாய் முடியும். அத்தகைய கருத்தைத் திருச்சபை 3ஆம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது.

திரித்துவம் என்னும் சொல் விவிலியத்தில் இல்லை. ஆனால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே ஞானஸ்நானம் கொடுக்குமாறு மத்தேயு நற்செய்தியின் இறுதியில் இயேசு கட்டளையிடுகின்றார். இதற்குப் பொருள் யாது என்பதிலே பெரும் பிணக்கு எழுந்தது. அலெக்சாந்திரியா நகரத்துக் குருவாகிய ஆரியுஸ், சுதனும் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். கொன்சுதந்தீன் பேரரசன் 325இல் நைசீயா நகரிற் கூட்டிய சங்கம் அதனை மறுத்து, சுதன் பிதாவோடு ஒரே சாரமுடையவர் என்று அறிக்கையிட்டது. 381இல் கொன்சுதாந்திநோபிள் சங்கம் பரிசுத்த ஆவியின் இறைமையையும் உறுதிப்படுத்திற்று.

ஒரு சொல்லுக்காக இத்துணைப் போராட்டம் ஏன் என்று கேட்கலாம். சிலுவையில் இறந்தவர் படைப்புப் பொருளாயின், கடவுள் தூதுவர் ஒருவரை அனுப்பினார் என்பதே எஞ்சும். கடவுளே மனிதனைத் தேடி வந்தார் என்னும் நம்பிக்கை நில்லாது. கிறித்தவ சமயத்தின் அடித்தளமே அங்கு வினாவுக்குள்ளாயிற்று.

இதனை நம்புவோர் யாவர்? கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்திலே வழிபடும் கத்தோலிக்கர் நம்புகின்றனர். அதற்கு அண்மையில், 1757இல் திறக்கப்பட்ட வுல்வெண்டால் ஆலயத்துச் சீர்திருத்த சபையாரும் நம்புகின்றனர். கத்தோலிக்க வழிபாட்டைச் சட்டத்தால் தடுத்த ஒல்லாந்தர் கட்டிய ஆலயம் அது. தடுத்தோரும் தடுக்கப்பட்டோரும் இக்கொள்கையில் ஒரே வாக்கியத்தையே அறிக்கையிட்டனர். வெள்ளவத்தை மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் அவ்வாறே. முன்னாளிலே தமிழ்க் கத்தோலிக்கர் 'இஸ்பிரீத்து சாந்து' என்று போர்த்துக்கேய மொழியால் வழங்கியவரையே புரட்டஸ்தாந்தர் 'பரிசுத்த ஆவி' என்றனர். சொல் வேறு; பொருள் ஒன்று.

இவ்வொருமை நடைமுறையிலும் விளங்குகின்றது. மெதடிஸ்த சபையிலே மூவர் பெயரால் நீர் வார்த்து ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் கத்தோலிக்கராக விரும்பினால், அவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. யெகோவாவின் சாட்சிகள் சபையிலிருந்து வருபவருக்கோ புதிதாகக் கொடுக்கப்படும்; அச்சபை திரித்துவத்தை ஏற்பதில்லை. பெந்தெகொஸ்தேயினரிலும் பெரும்பாலார் அதனை ஏற்க, இயேசுவின் பெயரால் மாத்திரம் ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு பிரிவினர் மறுக்கின்றனர். மறுப்பு தமிழர்க்கும் புதிதன்று: 1795இலேயே சென்னையில் வில்லியம் றொபேட்ஸ் என்னும் தமிழர், கடவுள் ஒருவரே, மூவர் அல்லர் என்று போதிக்கும் கிறித்தவ சபையொன்றை நிறுவினார்.

இஸ்லாமிய அன்பர் இக்கொள்கை இறைவனின் ஒருமைக்கு மாறானது என்பர். சைவ சித்தாந்தியோ பதி, பசு, பாசம் என மூன்றைக் கூறினும், அவற்றுள் பதி ஒன்றையே இறை என்பார். உடன்படாமை குற்றமன்று. ஆனால் உடன்படாததை முதலிற் சரியாக அறிதல் வேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 7.6 பேர் கிறித்தவர். அவர்தம் கொள்கையை எடுத்துரைக்கும்போது, "ஆம், நாங்கள் நம்புவது இதுவே" என்று அவர்களே ஒப்புமாறு உரைத்தல் வேண்டும். அதன்பின் மறுப்பதாயினும் அம்மறுப்பு மதிப்புடையதாகும். பல ஆலயங்கள் நெருங்கி நிற்கும் நகரிலே, அயலவர்க்கு நாம் ஆற்றவேண்டிய முதற் கடன் அதுவே.