முற்றத்துச் சதகுப்பை: கீரையும் நமக்கு, விதையும் நமக்கு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "கீரை நாமே போடுறோம். விதைக்கு மட்டும் எதுக்கு வருஷா வருஷம் கடைக்குப் போகணும்?" நியாயமான கேள்வி. பதிலுக்கு முன்னாடி நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்.

பிள்ளை பெத்தவங்களுக்கு மருந்து இடிக்கும்போது சதகுப்பை சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுறவங்க இதன் கீரையைச் சமைச்சும் சாப்பிடுவாங்க. கொத்தமல்லி, சோம்பு, சீரகம் எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்க.

குழுவில் ஒரு பாட்டி, பல வருஷமாக் காப்பாத்தின விதையில் ஒரு கைப்பிடி எனக்குக் கொடுத்தாங்க. செடியிலேயே நல்லாக் காயட்டும்னு விட்டுட்டேன். ஒரு மத்தியானம் அடிச்ச காத்துல அத்தனையும் மண்ணுல கொட்டிப்போச்சு. வெறுங்கையோட பாட்டி முன்னாடி நிக்க வெட்கமா இருந்துச்சு. அவங்க திட்டலை. இன்னொரு கைப்பிடி கொடுத்து, "பழுப்பேறினதும் அறுத்துடணும் கண்ணு"ன்னாங்க.

அவங்க சொல்லித் தந்த முறை இதுதான்:

1. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை ஓய்ந்ததும் விதைக்கணும். வெயில் விழுற, தண்ணீர் தேங்காத இடம் வேணும். பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்து செடி தேறாது. நேரடியா, மேலாக விதைங்க. 10 நாள் வாக்கில் முளைக்கும்.

2. சுமார் 40 நாளில் கீரை பறிக்கலாம். ஆனால் நல்லா வளர்ந்த 5, 6 செடிக்குக் குச்சி நட்டு அடையாளம் வச்சிடுங்க. அது விதைக்கு. கை வைக்கக் கூடாது.

3. குடை மாதிரி மஞ்சள் பூ வரும். அப்போ பூச்சிமருந்து அடிக்காதீங்க. தேனீ வந்தால்தான் விதை நல்லாப் பிடிக்கும்.

4. விதை பச்சை மாறிப் பழுப்பாகும்போது, காலைப் பனி ஈரத்தோடு காம்புடன் அறுங்க. ஈரத்தில் அதிகம் உதிராது. துணிப்பையில் தலைகீழாக் கட்டி, நிழலில் காயவிடுங்க. பிறகு கசக்கி, முறத்தில் புடைச்சு, ஈரமில்லாத பாட்டிலில் வைங்க.

ஒரு எச்சரிக்கை: மருந்து கலந்து விற்கிற விதைப் பாக்கெட்டைச் சமையலுக்கோ வைத்தியத்துக்கோ எடுக்காதீங்க. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் சதகுப்பை மருந்து சாப்பிட வேண்டாம்.

இந்த வருஷம் பாட்டிக்கு ரெண்டு கைப்பிடியாத் திருப்பிக் கொடுத்தேன். குழுக்கடனை முழுசாக் கட்டின நிம்மதி! இன்னைக்கு உங்க ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் விதை பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருக்கேன். அடுத்த வருஷம் நீங்க ஆளுக்கு ரெண்டு பேருக்குக் கொடுக்கணும். அதுதான் வட்டி.