பூட்டுக்குள் ஒரு சன்னல்

நாள்தோறும் நாம் கையாளும் பொருள்களில், உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாமலே நம் உடைமைகளையெல்லாம் ஒப்படைத்துவிட்டுப் போகும் பொருள் ஒன்று உண்டென்றால் அது பூட்டுத்தான். அந்தப் பூட்டின் ஒரு பக்கத்தைச் செதுக்கியெடுத்து, சாவி திரும்பும்போது உள்ளே நிகழ்வதைக் கண்ணாரக் காணும்படி செய்யும் வேலையைப் பற்றி இன்று பேசலாம். தொழிற்பள்ளிகளில் பாடம் நடத்த இத்தகைய வெட்டுமுகப் பூட்டுகளை வைத்திருப்பார்கள். சிறிய இயந்திரங்களும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

எங்களை இந்த வேலையில் இறக்கிவிட்டது ஒரு பழைய திண்டுக்கல் பூட்டு. பாட்டனார் ஊரிலிருந்து கப்பலேறி வந்தபோது தம் தகரப் பெட்டியில் மாட்டியிருந்தது. மாங்காய் வடிவம், அந்தக் காரணத்தாலேயே அதை மாங்காய்ப் பூட்டு என்பார்கள். பெட்டி போய்விட்டது, சாவியும் போய்விட்டது. பூட்டு மட்டும் பூட்டிய நிலையிலேயே தங்கிவிட்டது. அதை வெட்டித் திறந்து உள்ளிருப்பதைப் பார்ப்பதா, வேண்டாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். வெட்டினால் திரும்பி ஒட்டவைக்க முடியாதல்லவா? முதலில் கடையில் விற்கும் சாதாரணப் பித்தளைப் பூட்டில் கையைப் பழக்கிக்கொள்வோம் என்று முடிவாயிற்று.

சிங்கப்பூரில் பழம்பூட்டு வேண்டுமென்றால் முன்பெல்லாம் சுங்கை ரோட்டுக்குப் போனால் போதும். அந்தப் பழைய பொருள் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. ஆகவே ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடை ஒன்றில், நாற்பது மில்லிமீட்டர் அகலமுள்ள பூட்டுகள் மூன்று வாங்கினோம். ஒன்று கெடும் என்று தெரிந்தே மூன்று வாங்கினோம்.

இனி உள்ளமைப்பு. இந்தப் பூட்டு அமெரிக்கராகிய லைனஸ் யேல் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்ற முறையில் ஆனது. பித்தளை உடலுக்குள் ஓர் உருளை சுழல்கிறது. சாவி நுழைவது அந்த உருளைக்குள். உடலிலிருந்து உருளைக்குள் குறுக்காக நான்கைந்து துளைகள் வரிசையாக இறங்குகின்றன. ஒவ்வொரு துளையிலும் இரண்டு சிறு குச்சிகள்: சாவியைத் தொடுவது ஒன்று, அதற்குப் பின்னால் மற்றொன்று, அதையும் அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது பின்குச்சி பாதி உடலிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்பதால் உருளை அசையாது. சரியான சாவி நுழைந்தால், அதன் மேடு பள்ளங்கள் எல்லாக் குச்சிகளையும் தள்ளி, இரண்டு குச்சிகளும் சந்திக்கும் இடத்தை உருளையின் விளிம்போடு சரியாக நிறுத்துகின்றன. ஒரே ஒரு குச்சி முடி அளவு பிசகினாலும் கதவு திறவாது. மரக்குச்சிகள் விழுந்து தாழைப் பிடிக்கும் இதே கருத்தைப் பண்டை எகிப்தியர் மரப்பூட்டிலேயே கையாண்டிருக்கிறார்கள்.

பூட்டின் குறுகிய பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிறு சிறு வட்டங்கள் மங்கலாகத் தெரியும். அவை, துளைகளைக் குடைந்து குச்சிகளைப் போட்டபின் அடைத்த பித்தளை மூடிகள். அவற்றை 3.3 மில்லிமீட்டர் துரப்பணத்தால் குடைந்தெடுத்து, எம்-நான்கு மரை வெட்டிவிட்டால், பிறகு சிறு திருகாணியால் மூடிக்கொள்ளலாம். ஸ்பிரிங்குகளையும் குச்சிகளையும் வெளியே எடுத்து, எது எந்தத் துளையில் இருந்ததென்று முட்டைத் தட்டில் வரிசையாக வையுங்கள். வரிசை மாறினால் சாவி சாவியாக இராது.

அடுத்தது செதுக்குவது. இதற்கு மேசைமேல் வைக்கக்கூடிய சிறிய மில்லிங் இயந்திரம் போதும். வேறு நாட்டிலிருந்து தருவிப்பவர்கள் மோட்டார் நம் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இயந்திரத்தின் அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுவது கீழ்வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை. பூட்டை வைஸில் பிடிக்கும்போது அலுமினியத் தகட்டை இடையில் வைத்தால் பல்தடம் விழாது. பித்தளைக்கு எண்ணெய் வேண்டியதில்லை. கத்தி ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டருக்குக் குறைவாகவே இறங்கட்டும். பித்தளைத் துகள் ஊசிபோலத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். கையுறை மட்டும் கூடாது. சுழலும் கத்தி கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். வளையத்தைச் செதுக்க முயல வேண்டாம், அது கடினமேற்றிய எஃகு.

எவ்வளவு ஆழம் செதுக்குவது? கணக்கு இங்கேதான். எங்கள் பூட்டின் கனம் 14 மில்லிமீட்டர். துளைகளின் நடுக்கோடு முகப்பிலிருந்து ஏழாவது மில்லிமீட்டரில் ஓடுகிறது. துளையின் விட்டம் மூன்று. ஆறு மில்லிமீட்டர் ஆழத்தில் நிறுத்தினால் துளையின் பக்கத்தில் ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர் அகலச் சன்னல் திறக்கும். மூன்று மில்லிமீட்டர் குச்சி அதன் வழியே தெரியும், ஆனால் வெளியே விழ முடியாது. பேராசைப்பட்டு ஏழுக்குப் போனால் சன்னல் வாசலாகிவிடும். செதுக்கும்போது துளைகளில் இறுக்கமான பித்தளைக் கம்பிகளைச் செருகி வைத்தால் விளிம்பு பிசிறடிக்காது, உருளையும் சுழலாது.

இவ்வளவும் செய்து, முதல் பூட்டில் நாங்கள் தோற்றோம். சாவியைப் போட்டுத் திருப்பியதுதான் தாமதம், பின்குச்சிகள் நான்கும் தெறித்து, இரண்டு சோபாவுக்கடியில் போய்விட்டன. காரணம் விளங்கவில்லை. சிராங்கூன் சாலைப் பக்கத்து ஐந்தடி நடைபாதையில் சாவி அராவும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பூட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, சாவி எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துட்டு வெட்டுனீங்களா?”

“இல்லைங்கண்ணே.”

“அதான். வெட்டுன பக்கம் போயி குச்சிக்கு நேரா நிக்குது. பின்ன அது வெளியதான் வரும்.”

எண்ணிப் பார்த்தால் எவ்வளவு எளிது! உருளை திரும்பும்போது அதன் வளைந்த முதுகுதான் பின்குச்சிகளை உள்ளே தடுத்து நிறுத்துகிறது. நாங்கள் செதுக்கிய தட்டைப் பக்கம் சுழன்று குச்சிகளுக்கு நேரே வந்ததும் தடுப்பு இல்லாமற் போயிற்று. எதிர்ப்பக்க முகத்தைச் செதுக்கியிருந்தால், திரும்பும்போது செதுக்காத முதுகு அவ்விடத்துக்கு வந்திருக்கும். இரண்டாவது பூட்டை அப்படியே செய்தோம். செதுக்கிய பரப்பை 400, 600, 1000 எண் நீர்த்தாளால் தேய்த்து, வெட்டுமுகத்துக்கு மட்டும் வழக்கப்படி சிவப்பு வண்ணம் பூசினோம். இந்த வெட்டுப்பூட்டைத் திறக்கும்போது கவிழ்த்துப் பிடிக்கக் கூடாது, முன்குச்சிகள் உதிர்ந்துவிடும்.

இப்படி வெளிப்படையாகக் காட்டுவது திருடனுக்குப் பாடம் சொல்வதாகாதா என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பிராமா நிறுவனம் பல்லாண்டுகளாகச் சன்னலில் வைத்து 200 கினி பந்தயம் கட்டியிருந்த பூட்டைப் பதினாறு நாள்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். அப்போதும் இதே கேள்விதான் எழுந்தது. அதன் பிறகுதான் பூட்டுச் செய்பவர்கள் தங்கள் குறைகளைத் திருத்த முனைந்தார்கள். குறை தெரியாமல் ஏமாறுகிறவர்கள் பூட்டை வாங்குகிறவர்களே. திருடனுக்கு அது முன்பே தெரியும் என்பது எங்கள் கட்சி.

மூன்றாவது பூட்டு இன்னும் வெட்டப்படாமல் இருக்கிறது. மாங்காய்ப் பூட்டும் அப்படியே. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுகளோடு போட்டியிட முடியாமல் அங்கே பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கையால் அராவிய ஒரு பூட்டை, இயந்திரம் ஆயிரக்கணக்கில் கக்கும் பூட்டைப் போல வெட்டிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்குள் குச்சிகள் இல்லை. நெம்புத் தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தகட்டையும் சாவி அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஆகவே வெட்டாமலே திறக்கும் பழைய வழியில் இறங்கியிருக்கிறோம். வெட்டாத சாவித்துண்டை மெழுகுவர்த்திப் புகையில் கருக்கி, உள்ளே விட்டு மெல்லத் திருப்பி, கரி அழிந்த இடத்தை மட்டும் அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பது, மறுபடி கருக்குவது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே வேலை. இரண்டு தகடுகள் இசைந்துவிட்டன. மூன்றாவது தகடு இன்னும் பிடிவாதமாக இருக்கிறது.