மறக்கச் சொல்லாத மருத்துவர்



பாட்டு மனப்புண்ணை ஆற்றும் என்னும் கருத்து இந்த வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் பலமுறை ஒலித்திருக்கும். அது எவ்வளவு தூரம் உண்மை என்று நோக்குவதற்குப் போர்க்களம் கண்ட கவிஞர்களின் வாழ்வைவிடத் தக்க சான்று அரிது. முதல் உலகப் போரின்போது, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை ஒட்டிய கிரெய்க்லாக்ஹார்ட்டில், நீர்ச்சிகிச்சை விடுதியாக இருந்த மாளிகையொன்று 1916இல் படை மருத்துவமனையாக மாறிற்று. உடலில் காயம்பட்டவர்க்காக அன்று. உள்ளம் குலைந்த அதிகாரிகளுக்காக.

1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, என்ற சொல்லை மருத்துவ ஏட்டில் வழங்கினார். அருகில் குண்டு வெடித்த அதிர்வே காரணம் என்பது தொடக்கக் கருத்து. குண்டு வெடிப்பில் சிக்காதவரையும் நோய் பற்றியபோது அக்கருத்து நிற்கவில்லை. கோழைமை, ஓடிப்போதல் முதலிய குற்றங்களுக்காகத் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்குப் பிரிட்டன் 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களுள் எத்தனைபேர் நோயாளிகள் என்பதை இனி யார் பிரித்தறிவது?

கிரெய்க்லாக்ஹார்ட்டின் மருத்துவர்களுள் ஒருவரான ரிவர்ஸ் தமிழகத்திற்கு முற்றிலும் அயலார் அல்லர். 1901–02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களை ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டவர். இறந்த உறவினரின் பெயரை உச்சரிப்பது தோடரிடையே விலக்கப்பட்டிருந்தமையால், ஒரு குடும்பத்தின் வழிமுறையை அவர் பிற குடும்பத்தாரிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் எடின்பரோவில் அவர்முன் அமர்ந்த அதிகாரிகளும் இறந்தோரைப் பேசாதவர்களே. தோடரைத் தடுத்தது மரபு. இவர்களைத் தடுத்தது, "போரை மறந்துவிடுங்கள், இனியவற்றை எண்ணுங்கள்" என்று உற்றாரும் மருத்துவரும் கூறிய அறிவுரை. அந்த அறிவுரையே நோயை வளர்க்கிறது என்று 1917 டிசம்பரில் இலண்டன் மருத்துவர் கழகத்தில் ரிவர்ஸ் உரையாற்றினார்.

அவ்வுரையில் வரும் இளம் அதிகாரி ஒருவரின் செய்தி நின்று கேட்கத்தக்கது. காணாமற்போன நண்பனைத் தேடிச் சென்ற அவர், தலையும் கைகால்களும் வேறுவேறாகச் சிதறிய உடலைக் கண்டார். அன்றுமுதல் கனவில் அந்நண்பன் சிதைந்த வடிவிலோ, தொழுநோயால் முகம் அரிக்கப்பட்ட வடிவிலோ நெருங்கி நெருங்கி வருவான். வியர்த்து விழிப்பவர், அடுத்த இரவை அஞ்சியே பகலைக் கழிப்பார். ரிவர்ஸ் அவரை மறக்கச் சொல்லவில்லை. "உடல் அவ்வாறு சிதறியிருப்பதால், நண்பர் நொடியில் இறந்திருக்கவேண்டும்; நெடிய வேதனை அவருக்கு இல்லை" என்பதை எண்ணிப்பார்க்கச் செய்தார். சில இரவுகள் கனவே இல்லை. பின்னர் ஒருநாள் அதே உடல் கனவில் வந்தது. அதனருகே மண்டியிட்டு, உறவினரிடம் சேர்ப்பதற்காக நண்பனின் இடைவாரை அவிழ்க்கும்போது விழித்துக்கொண்டார். அச்சம் இல்லை, மெல்லிய அழுகை மட்டுமே இருந்தது. அச்சம் துயரமாக மாறியதையே ரிவர்ஸ் நலமடைதலின் தொடக்கமாகக் கொண்டார். அவலச்சுவையை அச்சச்சுவையினின்று பிரித்துக் கற்றவர்களுக்கு இம்மாற்றம் எளிதில் விளங்கும்.

எல்லாருக்கும் இவ்வழி பயன்படவில்லை. குண்டுவெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணத்தின்மேல் முகம் பதிய விழுந்த ஓர் அதிகாரிக்கு, அந்நினைவில் பற்றிக்கொள்ளத்தக்க ஒரு துரும்பையும் தம்மால் காட்ட இயலவில்லை என்பதை ரிவர்ஸ் மறைக்கவில்லை. அவரைப் படையிலிருந்து விடுவிப்பதே வழியாயிற்று. இந்த நேர்மை பெரிது. மேலும், இவ்வளவு பொறுமையான செவி வாய்த்தது அதிகாரிகளுக்கே. பேச்சிழந்த எளிய சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்த மருத்துவரும் அதே ஆண்டுகளில் இலண்டனில் இருந்தார்.

1917 ஜூனில் அங்கு வந்தவர் வில்ஃபிரெட் ஓவன். பிரான்சில் குண்டுவெடிப்பில் எறியப்பட்டு, சக அதிகாரி ஒருவரின் சிதைந்த உடலருகே நாள்கணக்கில் கிடந்தவர். அவருக்கு வாய்த்த மருத்துவர் ஆர்தர் பிராக். சூழலோடு அறுந்த உறவை வேலையால் மீண்டும் பிணைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே ஓவன் நகரப் பள்ளியொன்றில் பாடம் நடத்தினார். 'ஹைட்ரா' என்னும் மருத்துவமனை இதழைத் தொகுத்தார். போரை நீட்டிப்பதை எதிர்த்து அறிக்கை விட்டதால் அங்கு அனுப்பப்பட்ட சீக்ஃபிரீட் சசூனை ஆகஸ்டில் கண்டார். கனவில் வருவதையே பாட்டாக்கும் துணிவு அந்நட்பில் வளர்ந்தது. ஓவனின் புகழ்பெற்ற பதினான்கடிப் பாட்டொன்றின் கையெழுத்துப்படியில் சசூனின் திருத்தங்களை இன்றும் காணலாம். பாட்டு மட்டும் மருந்தாகவில்லை. படித்துத் திருத்த அதே களம் கண்ட ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

நலமாக்கியது எதற்காக? களத்திற்குத் திருப்பி அனுப்புவதற்காக. மருத்துவமனையின் கடமையே அதுதான். ரிவர்ஸின் மனத்தை உறுத்தியதும் அதுதான். ஓவன் மீண்டும் பிரான்சு சென்று, போர் நிற்க ஒரு வாரமே இருக்கையில், 1918 நவம்பர் 4 அன்று கால்வாய்க் கரையில் கொல்லப்பட்டார். சசூன் 1967வரை வாழ்ந்தார். உரைநடையில் அந்தப் போரையே திரும்பத் திரும்ப எழுதினார். வியட்நாம் போரிலிருந்து மீண்டவர்கள் போராடியதன் பயனாக, 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் இந்நோயைத் தன் பட்டியலில் ஏற்றது.

ஐவர் கர்னியையும் இவ்விடத்தில் நினைக்கவேண்டும். கவிஞர், இசையமைப்பாளர், சாதாரணச் சிப்பாய். போருக்கு முன்பே உள்ளம் தளர்ந்தவர். தோட்டாக் காயமும் நச்சுப்புகையும் பட்டுத் திரும்பியவர். 1922இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். அங்கும் அகழிகளையும் தோழர்களையும் பற்றியே ஏராளமாக எழுதினார். எழுத்து அவரை வெளியே கொண்டுவரவில்லை. 1937 டிசம்பரில் அங்கேயே இறந்தார். வெளியே போர் முடிந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.